அப்படி ஒருவர் இங்கே இருப்பாரேயானால்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒட்டுக்கேட்டு. ஏற்காட்டில் ஒரு விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் மத்தியானம் தனியாக உட்கார்ந்திருந்தேன். பழைய விருந்தாளிகள் அறையைக் காலி செய்துவிட்டுப் போய், புதியவர்கள் இன்னும் வந்து சேராத நேரம். பக்கத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, விடுதி ஆட்களுக்கு ஒரு பெண் இங்கிலீஷ் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தார். வரவேற்பு மேசைக்காரர் எழுந்து ஒரு வாக்கியம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், டீச்சரைத் தவிர. நான் பார்த்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

2

சிவசக்தி அன்று காலை கண்விழித்தபோது மலைமுகடுகளைப் பனி மூடி

(வேண்டாம். கதை நடப்பது சித்திரை மாதம். ஏற்காடு என்று எழுதினாலே பேனாவுக்குக் குளிர் எடுத்துவிடுகிறது.)

சிவசக்தி சந்தேகப் பேர்வழி அல்ல.

(இதையும் அடிக்கிறேன். இப்படி ஆரம்பித்தால், அடுத்த பக்கத்தில் அவள் சந்தேகப்படப் போகிறாள் என்று யாருக்கும் தெரிந்துவிடும்.)

சரி, நேராகவே வருகிறேன். சிவசக்திக்கு நாற்பதை ஒட்டிய வயது. முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள், இப்போது விடுதிகளுக்குப் போய் ஆட்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள். கணவர் செல்வராஜ் மிளகு வியாபாரி. வியாழன்தோறும் சேலம் மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பைக்கில் கிளம்புவார்.

‘போவார்’ என்று எழுதியிருந்தால் போதும். ‘போவதாகச் சொல்லிவிட்டு’ என்று எழுதிவிட்டேன். அந்த மனிதரை நீங்கள் இன்னும் பார்க்கக்கூட இல்லை, அதற்குள் கூண்டில் ஏற்றியாகிவிட்டது. கதை எழுதுகிறவர்களின் புத்தி அப்படி.

3

அந்தச் செவ்வாய்க்கிழமைப் பாடம், இல்லாததை இருப்பதாக வைத்துப் பேசுவது.

“‘ஐ வாஸ்’னுதானே சொல்லுவோம்? ஆனா நெசத்துல இல்லாத ஒன்ன நெனச்சுப் பேசறப்ப ‘இஃப் ஐ வேர்’. அந்த ‘வேர்’ வந்தாலே, இது நடக்கல, சும்மா வெச்சுப் பேசறோம்னு கேக்கறவங்களுக்குத் தெரிஞ்சிரும்” என்றாள் சிவசக்தி. “எங்க, ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம்.”

அறைகளைச் சுத்தம் செய்யும் கௌரி முதலில் எழுந்தாள். தலைச்சோலைக்காரி, வாய் கொஞ்சம் நீளம். “இஃப் ஐ வேர் மேனேஜர், ஐ வுட் க்ளீன் ஒன்லி மை ரூம்.” கைதட்டல் கிடைத்தது.*

“கிங்ஸ்டன், நீ சொல்லு கண்ணு.”

வரவேற்பு மேசை கிங்ஸ்டன் நாகலூர்க்காரன். மனப்பாடம் செய்ததைத் தவிர, அதுவரை சொந்தமாக ஒருமுறைகூட ‘வேர்’ சரியாகச் சொன்னதில்லை. எழுந்து நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “இஃப் செல்வராஜ் சார் வேர் அவர் கெஸ்ட், ஐ வுட் கிவ் ஹிம் த வேலி வியூ ரூம்.”

செல்வராஜ் சார் நம் விருந்தாளியாக இருந்தால், பள்ளத்தாக்கு தெரிகிற அறையைக் கொடுப்பேன். டீச்சர் வீட்டுக்காரரை வைத்துக் கேலி செய்கிறான் என்று எல்லோரும் சிரித்தார்கள். கௌரி சிரித்தவள், பாதியில் நிறுத்திவிட்டுப் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

சிவசக்திக்கு முதலில் வந்தது சந்தோஷம். பையன் ஒருவழியாகச் சரியாகச் சொல்லிவிட்டான். “கரெக்ட், உட்காரு” என்ற பிறகுதான், அத்தனை பேரில் இவன் ஏன் அவர் பெயரைச் சொன்னான் என்று உறைத்தது.

(* இதில் இன்னொரு வகையும் உண்டு. வேண்டுகோள் வைக்கும்போது ‘இஸ்’, ‘ஆர்’ எல்லாம் போய் வெறும் ‘பீ’ நிற்கும். ‘விருந்தாளிகள் ஒன்பதுக்குள் திரும்பிவிட வேண்டுகிறோம்’ என்ற இங்கிலீஷ் பலகையில் ‘பீ’ வரவேண்டிய இடத்தில் ‘ஆர்’ இருந்ததைக் கண்டுபிடித்து, புதிதாக எழுதவைத்தவள் சிவசக்தி. அதற்குப் பிறகும் ஒருவரும் ஒன்பதுக்குள் திரும்புவதில்லை.)

4

சந்தேகம் எப்படி வளரும் என்று எனக்குத் தெரியும், நான் தினமும் அந்தத் தொழில்தானே செய்கிறேன். ஒன்று தட்டுப்பட்டால் போதும், பழையதெல்லாம் வரிசையில் வந்து நிற்கும்.

செல்வராஜ் வியாழக்கிழமைகளில் ஸ்வெட்டரை எடுத்துப் பைக் பெட்டியில் வைக்கிறார். சித்திரை வெயிலில் சேலத்துக்கு யாராவது ஸ்வெட்டர் கொண்டுபோவார்களா? (சாயங்காலம் மலையேறும்போது குளிரும்தானே என்று ஒரு வாசகர் கேட்கக்கூடும். நியாயம். அவளும் இத்தனை வருஷம் அப்படித்தான் நினைத்தாள்.)

இந்த வகுப்பு முன்பு வியாழக்கிழமைகளில்தான் நடந்தது. செவ்வாய்க்கு மாற்றச் சொன்னது கிங்ஸ்டன். “வியாழன் நொம்ப வேலைங்க டீச்சர்” என்றான். கதையில் அதைச் சும்மா ஒரு விவரமாகத்தான் எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கே அவன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அவன் செல்வராஜைக் காப்பாற்றப் பார்க்கிறானா, சிவசக்தியையா?

5

வியாழக்கிழமை, செல்வராஜ் கிளம்பிப் போன பிறகு, சிவசக்தி விடுதிக்குப் போனாள்.

அதற்குமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போன சீசனில், வரவேற்பு மேசையில் இருந்த யாரோ, ஒரு விருந்தாளியின் அறை எண்ணைப் போனில் சொல்லப்போய், அவருடைய மனைவி வந்து வரவேற்பறையில் பெரிய ரகளையாகிவிட்டது. அதன்பின் மேனேஜர் சிவசக்தியிடம் கேட்டார்: ஆமாம் என்றும் சொல்லாத, இல்லை என்றும் சொல்லாத, மரியாதையான ஒரு வாக்கியம் வேண்டும். அவள் செய்துகொடுத்தாள். இஃப் தேர் வேர் எ கெஸ்ட் பை தட் நேம், வி வுட் பாஸ் ஆன் யுவர் மெசேஜ். அப்படி ஒருவர் இங்கே இருப்பாரேயானால், தங்கள் சேதியைச் சேர்ப்பிப்போம்.

சொல்லிக்கொடுத்ததோடு விடவில்லை. ஆள் உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே குரல், ஒரே முகம் என்று கிங்ஸ்டனை மாற்றி மாற்றிச் சொல்லவைத்துப் பழக்கினாள். “சம்சாரமே வந்து அழுதாலும் இதுதான் பதில்” என்று அவளே சொல்லியிருக்கிறாள். வேலையில் அவ்வளவு சுத்தம்.

கிங்ஸ்டன் அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

“வாங்க டீச்சர். இன்னிக்குக் கிளாஸ் இல்லீங்களே?”

“கிளாஸுக்கு வரல. எங்க ஊட்டுக்காரரு இங்க இருக்காரா?”

அவன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பிறகு நிமிர்ந்து, அவள் பழக்கிய அதே குரலில், அதே முகத்தோடு, அந்த இங்கிலீஷ் வாக்கியத்தை முழுதாகச் சொன்னான். ஒரு பிசிறில்லை.

“தமிழ்ல சொல்லு கண்ணு.”

“டீச்சர், தமிழ்ல அத எனக்குச் சொல்லத் தெரியாதுங்க.”

அவன் கண் கலங்கியிருந்தது. அது எதற்காகவும் இருக்கலாம். டீச்சரை இந்த நிலையில் பார்க்க நேர்ந்ததற்காக இருக்கலாம். வேலை போய்விடுமோ என்ற பயமாக இருக்கலாம். எழுதுகிற எனக்கே உள்ளே போய்ப் பார்க்க முடியவில்லை. பையனை அவள் அவ்வளவு நன்றாகத் தயார் செய்திருந்தாள்.

6

அவள் வெளியே போர்டிகோவுக்கு வந்தாள். கோடைமழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அடிக்கிற சத்தத்துக்கு நடுவே போன் போட்டாள். உடனே எடுத்தார்.

“ஏனுங்க, எங்க இருக்கீங்க?”

“மார்க்கெட்லதான் சக்தி. வெயிலு மண்டையப் பொளக்குது. ஏன்?”

“இங்க நல்ல மழைங்க.”

“செரி செரி. வந்து பேசறேன்.” வைத்துவிட்டார்.

வீட்டு வாசலில் மிளகு காய்கிறது. காலையில் இருவரும் சேர்ந்துதான் பரப்பிவிட்டார்கள். மழை என்று யாராவது சொன்னால், ‘மெளக மூடிட்டியா’ என்பதுதான் எந்த மிளகு வியாபாரிக்கும் முதலில் வாயில் வரும். கல்யாணமான நாளிலிருந்து எத்தனை கோடையில் அவர் அப்படிக் கத்தியிருக்கிறார். இன்று கேட்கவில்லை.

(மார்க்கெட் இரைச்சலில் மழை என்று சொன்னது காதில் விழாமல் போயிருக்கலாம். அவள் மூடியிருப்பாள் என்ற நம்பிக்கையாக இருக்கலாம். எழுதி வைக்கிறேன், பிறகு என்னைக் குறை சொல்லாதீர்கள்.)

7

முடிவுக்கு மூன்று முறை முயன்றேன்.

மாடியறையில் செல்வராஜ் மனைவிக்குத் தெரியாமல் கல்யாண நாள் விருந்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார் என்று ஒன்று எழுதினேன். எனக்கே வெட்கமாகிக் கிழித்துப்போட்டேன். அறை வாசலில் ஒரு ஜோடிப் பெண் செருப்பு என்று இன்னொன்று. அது டிவி சீரியல். மூன்றாவதில் அவள் மாடியேறி ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறாள், எங்குமே அவர் இல்லை, கிங்ஸ்டன் பின்னால் நின்று பார்க்கிறான். அதை எழுதும்போது எனக்குப் பயமாக இருந்தது. இல்லை என்று கண்ணால் பார்த்தும் அவள் நம்பவில்லை, அடுத்த வியாழனுக்குக் காத்திருக்கிறாள்.

அதனால் உங்களிடமே விடுகிறேன். அவள் இன்னும் போர்டிகோவில்தான் நிற்கிறாள். மாடியேற்றுங்கள், வீட்டுக்கு அனுப்புங்கள், செல்வராஜ் பாவம் உண்மையிலேயே வெயிலில்தான் நின்றிருந்தார் என்று முடியுங்கள். நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் எப்படி முடித்தாலும், சாயங்காலம் அந்த மனிதர் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, “சாப்டியா சக்தி?” என்று கேட்பார். கேட்டதும் அவள், இதை இவர் எதற்காக இன்றைக்குக் கேட்கிறார் என்று யோசிப்பாள்.