பாதி அறுத்த மரம்

துபாயிலிருந்து அண்ணன் ஜெயபாண்டி அனுப்பிய பெட்டியில் சேலை இருக்கும் என்று நினைத்தாள் விஜயராணி. உள்ளே இருந்தது பேட்டரியில் ஓடும் செயின் ரம்பம்.

அம்மாவின் காரியம் முடிந்து கிளம்பும்போது, வீட்டுக்குப் பின்னால் பட்டுப்போய் நிற்கும் வேப்பமரத்தை அடுத்த லீவில் வந்து வெட்டித் தருகிறேன் என்று சொல்லிப் போனவன் அவன். இரண்டு லீவு கடந்துவிட்டது. ஆளுக்குப் பதில் மெஷின் வந்திருந்தது.

ஆடிக் காற்றில் ஒரு கிளை முறிந்து பக்கத்து வீட்டு வேலாத்தாளின் கூரையில் இரண்டு சிமெண்ட் சீட்டை உடைத்தது. அன்று வாய்ச்சண்டை. அதோடு பேச்சு நின்று ஆறு மாதம். அடுத்த காற்றுக்கு மரமே விழும். மரம் வெட்டும் நஞ்சப்பன் வந்து பார்த்துவிட்டு, "ஊட்டுல ஆம்பளைங்க இருந்தா பேசச் சொல்லுங்க அம்மிணி" என்றார்.

"ஆம்பள துபாய்ல இருக்கான். மரம் இங்க இருக்கு. எத வெட்டப்போறீங்க?"

அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். மெஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை வரி விடாமல் படித்தாள். செயினுக்கு எண்ணெய் ஊற்றச் சொல்லியிருந்தது. தான் செக்கிங் பார்க்கும் பனியன் கம்பெனியிலிருந்து தையல் மெஷின் எண்ணெய் ஒரு பாட்டில் கேட்டு வாங்கி வந்தாள். எண்ணெய் எண்ணெய்தானே.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏணி வைத்து ஏறி, மரத்தில் கயிறு கட்டி, பின்னால் இருந்த காலிமனைப் பக்கம் இழுத்து அங்கிருந்த கல்தூணில் முடிந்தாள். மரம் அங்கே சாய, முதலில் அந்தப் பக்கம் அடியில் ஆப்பு வடிவில் ஒரு வாய் வெட்டினாள். பிறகு பின்னாலிருந்து ரம்பத்தை வைத்தாள். பாதி தாண்டியதும் செயின் புகைந்தது. தண்ணீர் மாதிரியான அந்த எண்ணெய் செயினில் ஒட்டாமல் தெறித்துச் சட்டை முழுக்கப் பொட்டுப் பொட்டாக அடித்திருந்தது. செக்கிங் டேபிளில் அதில் ஒரு பொட்டு இருந்தாலே பீஸை ஒதுக்குகிறவள் அவள். காய்ந்த செயினை இழுத்து இழுத்துப் பேட்டரி தீர்ந்து நின்றது.

சார்ஜரைச் சொருகினாள். விளக்கு எரியவில்லை. இரண்டிலிருந்து நாலு வரை கரண்ட் கட்.

மரம் முனகியது. சுவருக்கு அந்தப் பக்கம் வேலாத்தாளின் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணனுக்குப் போன் போட்டாள். "சைட்ல இருக்கேன்த்தா. கரண்டு வந்ததும் சார்ஜ் போடு. வச்சிரட்டா?"

"வையி."

கம்பெனியில் ஜெனரேட்டர் உண்டு. ஷிப்மென்ட் நேரம், ஞாயிறும் திறந்திருக்கும். ஸ்கூட்டியில் பத்து நிமிடம். ஆனால் இப்படி நிற்கிற மரத்தை யாரிடம் விட்டுப் போவது? போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தாள். சூப்பர்வைசர், டையிங் ஆபீஸ், கேஸ் ஏஜென்சி. கொஞ்சம் வந்து நில்லு என்று சொல்ல ஒரு பெயர் இல்லை. அம்மாவின் நம்பரை இன்னும் அழிக்கவில்லை.

வேலாத்தாள் கதவை முழுசாகத் திறக்கவில்லை. "என்னுங்க?"

"அக்கா, மரத்தப் பாதி அறுத்துட்டேன். பேட்டரி போச்சு. பிள்ளைகள உள்ள கூப்பிடுங்க. நான் வர்ற வரைக்கும் யாரும் கிட்ட போகாமப் பாத்துக்கங்க."

"பாதியில நிறுத்தறதுக்குத்தான் காலேஜுல சொல்லிக் குடுத்தாங்களாக்கும்?"

வாய்வரை வந்ததை விஜயராணி விழுங்கினாள். "தப்பு எம்மேலதான்."

வேலாத்தாள் பிள்ளைகளை உள்ளே விரட்டிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்து வந்து எட்டத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். "உனக்காக இல்ல கண்ணு. என்ற ஊட்டுச் சீட்டுக்காக."

கம்பெனியில் சார்ஜரின் சிவப்பு விளக்கு பச்சையாக முக்கால் மணி நேரம் ஆனது. மெக்கானிக் சகாயராஜ் எண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்துச் சிரித்தான். "மரத்த அறுக்கப் போனீங்களா, தைக்கப் போனீங்களா?" கெட்டியான வண்டி ஆயில் ஊற்றிக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினான்.

அவள் திரும்பி வந்ததைப் பார்த்ததும் வேலாத்தாள் எழுந்து, சேரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

இந்த முறை ரம்பம் திணறவில்லை. மரம் சொன்ன பக்கம் விழுந்தது. காலிமனையில் புழுதி எழுந்து அடங்கியது.

சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "உழுந்துருச்சா?"

"விழுந்துருச்சுங்கக்கா."

இன்னொரு கேள்வி வரும், கை கால் பத்திரமா என்றாவது, என்று ரம்பத்தைக் கீழே வைக்காமல் நின்றாள். கரண்ட் வந்தது. அந்த வீட்டில் டிவி சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் நின்றாள்.

பிறகு ரம்பத்தின் சுவிட்சை அழுத்தி, விழுந்த மரத்தைத் துண்டு போட ஆரம்பித்தாள்.