கொடி தாண்டி நாலு கை

என் தம்பி மகளுக்கு வீட்டில் கணக்குப்பிள்ளை என்று பெயர். படியேறினால் படியை எண்ணுவாள். நான் தையல் மெஷினில் உட்கார்ந்தால் பக்கத்தில் நின்று, இந்த வாரம் எத்தனை ஊசி உடைத்தேன் என்று சொல்லிக் காட்டுவாள். அவள் அப்பா லாரி ஓட்டுகிறவன், பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆகவே பத்து வயதுப் பெண்ணைச் சனி ஞாயிறு காலைகளில் நீச்சல் கிளப்புக்குக் கூட்டிப் போகிற வேலை அத்தையான என் தலையில் விழுந்தது.

போனோமா, பெஞ்சில் உட்கார்ந்தோமா, வந்தோமா என்று இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே. குளத்துக்கு மேலே கட்டிய சின்னச் சின்னக் கொடிகளின் கயிறு தொய்ந்து கிடக்கிறது, கொடி ஓரமெல்லாம் பிரிந்து நூல் தொங்குகிறது, இதைப் பார்க்க இங்கே ஒரு ஆள் இல்லையா என்று முதல் மாதமே கேட்டுவிட்டேன். கோச் அம்மா சிரித்துக்கொண்டே கயிற்றைச் சுருட்டி என் மடியில் போட்டார். அன்றிலிருந்து சம்பளமில்லாத உத்தியோகம். பிள்ளைகளுக்கு நான் கொடி ஆன்ட்டி ஆனேன்.

மல்லாந்து நீந்துகிற பிள்ளைக்குச் சுவர் வருவது தெரியாது. கண் மேலே பார்த்துக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால், குளத்துக்குக் குறுக்கே தலைக்கு மேலே கொடி கட்டுவது. கொடி தாண்டியதும் எத்தனை கை வீசினால் சுவர் வரும் என்று ஒவ்வொரு பிள்ளையும் மனதில் வைத்திருக்கும். எங்கள் கணக்குப்பிள்ளைக்கு நாலு கை. மற்றதுகள் எண்ணினாலும் கடைசியில் ஒரு தடவை திருட்டுத்தனமாகத் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளும். இவள் பார்க்கமாட்டாள். திருப்பினால் வேகம் போய்விடும் என்று கோச் அம்மா ஒரு தடவை சொன்னார், அதோடு சரி.

அது எல்லாரும் வந்து குளிக்கிற பொதுக் குளம். எங்கள் நேரம் முடிந்ததும் கொடிக் கம்பங்களைத் தூக்கி அறையில் வைத்துவிட வேண்டும். அடுத்த தடவை வந்து மறுபடி அளந்து நிறுத்த வேண்டும். அளப்பதற்கென்று இரும்பு டேப் ஒன்று இருந்தது. இருபத்தாறு வருஷம் அளவெடுத்த கைக்கு அதெல்லாம் எதற்கு என்று நான் என் கழுத்தில் கிடக்கும் அறுபது இஞ்ச் துணி டேப்பாலேயே அளப்பேன். ஐந்து மீட்டர் என்றால் என் கணக்கில் மூன்று டேப்பும் மேலே பதினேழு இஞ்சும். ஒவ்வொரு டேப்புக்கும் தையல் சாக்பீஸால் தரையில் ஒரு கோடு, பதினேழில் ஒரு பெருக்கல் குறி. குறிமேல் கம்பம். எதிர்க்கரையில் இருப்பவர்கள் இதற்கு நேராகப் பார்த்து அவர்கள் கம்பத்தை நிறுத்துவார்கள்.

போட்டி நடந்த சனிக்கிழமை நான் மூன்றாவது கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, நீந்துகிறவர்களுக்கு நேரம் எடுக்கிற பேக்கரிக்காரர் வந்து ஸ்டாப்வாட்ச் கயிறு அறுந்துவிட்டது, ஒரு தையல் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டார். பாவம், அவர் மகனும் நீந்துகிறவன்தான். நான் தைத்துக் கொடுத்தேன். கொடுக்கிறபோது சும்மா கொடுத்தேனா? ஒரு கயிற்றைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவர் பிள்ளைகளுடைய நேரத்தை என்னவென்று எடுக்கப்போகிறீர் என்று ஆரம்பித்து, பொறுப்பு என்றால் என்ன என்பதுவரை ஒரு பாட்டம் ஓதினேன். ஓதிக்கொண்டே கம்பத்தை இழுத்து நிறுத்தினேன்.

இரண்டு நீளப் பந்தயத்தில் எங்கள் பெண் முதல் நீளத்தின் கொடிவரை இரண்டாவதாக வந்தாள். முதல் இரண்டு பேர் அடுத்த சுற்றுக்குப் போகலாம். நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். மூன்று கை வீசினாள், நாலாவது கை தண்ணீருக்கு மேலே வந்துகொண்டிருந்தது. மடேரென்று ஒரு சத்தம். உச்சந்தலை சுவரில் மோதிவிட்டது. அவள் தடம் பிரிக்கிற மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்ற பிள்ளைகள் வந்து சுவரைத் தொட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள்.

கோச் அம்மா அவளைத் தூக்கிக் கரையில் உட்காரவைத்து, எண்ணிக்கை தப்பிவிட்டது, பரவாயில்லை என்றார். அவள் தலையை ஆட்டினாள். “நான் சரியாத்தான் எண்ணினேன். நாலு வர்றதுக்குள்ள சுவர் வந்துடுச்சு.” நான் துண்டைப் போர்த்திவிட்டு, “அவசரத்துல ஒண்ணை முழுங்கியிருப்பே, கழுதை. விடு” என்றேன். அவள் என்னையே பார்த்தாள்.

எல்லாரும் போனபின் கம்பத்தை எடுத்தேன். கீழே மூன்றாவது கோடு இருந்தது. பெருக்கல் குறி இல்லை.

அளவில் பதினேழு இஞ்ச் குறைத்து, கொடியைச் சுவருக்கு நெருக்கிக் கட்டியிருக்கிறேன். மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்துத் தப்பித்துவிட்டார்கள். என் கொடியை முழுசாக நம்பினது ஒருத்திதான், அவள் மண்டைதான் வீங்கியிருக்கிறது. இதெல்லாம் புரிந்தபிறகு நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஈரக்காலால் அந்த மூன்று கோடுகளையும் தேய்த்து அழித்தேன்.

நாலு நாள் பொறுத்து கோச் அம்மாவைத் தேடிப் போய் அவரிடம் மட்டும் சொன்னேன். அவர் முகம் மாறியது. கொஞ்சம் யோசித்துவிட்டு, குழந்தையிடம் சொல்லவேண்டாம், சொன்னால் இனிமேல் கொடியையே நம்பமாட்டாள், எண்ணிக்கை தப்பியதாகவே இருக்கட்டும், அதைப் பழக்கிச் சரிசெய்துவிடலாம் என்றார். எனக்கு அதைக் கேட்டு எவ்வளவு நிம்மதி தெரியுமா? யாரோ என் தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்ததுபோல வீட்டுக்கு வந்தேன்.

ஆனால் பழக்கமுடியவில்லை. தண்ணீரில் மல்லாந்ததுமே கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாள். குளத்தின் நடுவிலேயே நின்றுவிடுவாள். வீட்டில் படியேறும்போதும் வாய் அசைவதில்லை. என் தம்பி லாரியிலிருந்து இறங்கி வந்து, “என்ன கணக்குப்பிள்ளை, எத்தனை படி?” என்று கேலி செய்தபோது, தெரியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தையல் அறைக்கு வந்து வாசல்படியில் நின்றாள்.

“நாளைக்கு நான் வரல அத்தை. எனக்கு எண்ண வரல.”

நான் மெஷினை நிறுத்தினேன். என் நாக்கு, ஊரையெல்லாம் வெளுத்து வாங்குகிற நாக்கு, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எப்படியோ சொன்னேன். கோடு, குறி, பதினேழு இஞ்ச், காலால் அழித்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்போ நான் சரியா எண்ணினேனா?”

“சரியாத்தான் எண்ணினே.”

“உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?”

“தெரியும்மா.”

ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். வரவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்தது. “பதிமூணு நாள் ஆச்சு” என்றாள். “எல்லார்கிட்டயும் சொல்லுங்க.”

மறுநாள் காலையில் சொன்னேன். தொப்பி போட்ட இருபது தலைகள், நாலைந்து பெற்றோர், பேக்கரிக்காரர். யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள் என்பதால் குரல் பாதியில் நின்று நின்று வந்தது. பேக்கரிக்காரர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் மெள்ளப் போய் இரும்பு டேப்பை எடுத்துவந்து ஒரு முனையை என்னிடம் நீட்டினார். இரண்டு பேருமாக அளந்து நிறுத்தினோம். கோச் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எதிர்ப்பக்கச் சுவரிலிருந்து மல்லாந்து கிளம்பினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. சுவரோரம் மண்டியிட்டு, அவள் தலை வருகிற இடத்தில் என் உள்ளங்கையைச் சுவரோடு வைத்துக்கொண்டேன். அவள் கொடியைத் தாண்டினாள். நாலாவது கை நீண்டு விரல்கள் என் உள்ளங்கையில் வந்து இடித்தன.

அவள் நின்று கண்ணாடியை மேலே தள்ளினாள். “கைய எடுங்க அத்தை.”

“அடி பட்டுடும்மா.”

“எனக்குச் சுவர்தான் வேணும்.”

கையை எடுத்தேன். அவள் முழு நீளமும் திரும்பிப் போய், மறுபடி கிளம்பி வந்தாள். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன். கொடி அவள் முகத்துக்கு மேலே கடந்து போனது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் உதடு அசைந்தது. அவள் தலையைத் திருப்பவில்லை. நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன்.