ஹனியா கழுவிய குப்பிகள்

ஹம்மாம் என்ற பொதுக் குளியல் கூடத்தின் பின்சுவரை ஒட்டித் துளையிடும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. பெர்ரெஷீத் ஊரின் அந்த மூலையில் முன்பு ஹாஜி பூஷ்தாவின் பெட்ரோல் பங்க் இருந்தது. பங்கை மூடி, பூமிக்குள் கிடந்த தொட்டியைப் பெயர்த்தெடுத்து நான்கு வருடமாகிறது. அது எவ்வளவு ஒழுகியது, எதுவரை பரவியது என்பதைத்தான் இப்போது தோண்டிப் பார்க்கிறார்கள்.

ஹம்மாமில் குளிக்க வரும் பெண்களுக்கு அழுக்குத் தேய்த்துவிடும் ஹனியா, ஈரப் பாவாடையோடு வந்து வேடிக்கை பார்த்தாள். மனு கொடுத்து இவர்களை வரவழைத்ததே அவள்தான். ஹம்மாமின் கிணற்றுத் தண்ணீரில் மண்ணெண்ணெய் வாடை. "நீ தேய்ச்சுவிட்ட நாள்ல என் புருஷன் சிகரெட் பத்தவைக்கவே பயப்படுறான்டி" என்று பெண்கள் சிரித்தே சமாளித்தார்கள். ஆனால் நாற்பது நாள் குழந்தைகளையும் அதே தண்ணீரில்தானே குளிப்பாட்டினார்கள்? ஹனியாவுக்கு மனசு கேட்கவில்லை.

"தண்ணி கெட்டதுன்னு எழுதிட்டா ஹம்மாமுக்குப் பூட்டுதான். அப்புறம் உன் பொழப்பு?" என்று முதலாளியம்மா முன்பே கேட்டிருந்தாள்.

துளை போடும் மிலூத் குழாயைத் தட்டினான். கறுத்த மண் உருளையாக வந்து விழுந்தது.

"மண்ணா இது? டாங்குல போட்டா காஸாபிளாங்கா வரைக்கும் வண்டி ஓடும் அக்கா!"

"அப்படியே உன் பொண்டாட்டியையும் கூட்டிட்டுப் போ. அவளும் ஊரு பார்த்து நாளாச்சு."

பொறியாளர் கிஸ்லான் சின்னப் பெண். வெயிலில் முகம் சிவந்திருந்தது. சோதனைக்குக் கிணற்றுத் தண்ணீர் எடுக்கக் கொண்டுவந்த பன்னிரண்டு கண்ணாடிக் குப்பிகளை ஹனியாவிடம் கொடுத்து, "பார்த்துக்கங்கக்கா, கயிறு எடுத்துட்டு வந்துடுறேன்" என்று வண்டிக்குப் போனாள்.

ஹனியா ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் என்னவோ இரண்டு சொட்டு. படித்த பெண், இப்படியா அழுக்குக் குப்பியோடு வருவாள்? பன்னிரண்டையும் கறுப்புச் சோப்புப் போட்டுத் தேய்த்து, ஏழு தண்ணீர் விட்டு அலசி, துண்டை விரித்து வெயிலில் கவிழ்த்தாள்.

திரும்பி வந்த கிஸ்லான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ அக்கா! அது மருந்து. எடுக்கிற தண்ணி கெடாம இருக்க நாங்களே விட்டது."

"கெட்ட தண்ணி கெடாம இருக்கவா?"

மிலூத் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கிஸ்லானுக்கும் அடக்க முடியவில்லை. புதுக் குப்பி ரபாத்திலிருந்து திங்கட்கிழமைதான் வரும். அன்று வெள்ளிக்கிழமை, ஹனியா வீட்டிலிருந்து வெள்ளிதோறும் செய்யும் கோதுமை ரவை கூஸ்கூஸைத் தட்டோடு எடுத்து வந்தாள். மூவரும் துளை மண்ணுக்குப் பக்கத்திலேயே சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை தண்ணீரை முறைப்படி எடுத்துப் போனார்கள். மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. கிஸ்லானே நேரில் வந்தாள்.

"குழந்தைங்க மேல படவே கூடாத தண்ணிக்கா. நீங்க செஞ்சது சரி" என்றாள். அதற்கு மேல் ஹனியாவின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டார்கள், ஹம்மாமுக்குப் பூட்டு. நகராட்சிக் குழாய் கேட்டு முதலாளியம்மா ஆறு வருடமாக மனு போட்டிருந்தாள், மறுபடியும் போட்டாள். ஒழுகவிட்டவர் யார் என்பது பரிசீலனையில் இருக்கிறதாம்.

இரண்டாவது மாதம், தொட்டி இருந்த குழியை மூடி ஹாஜி பூஷ்தா சிமென்ட் தளம் போட்டார். கார் கழுவும் கடை. நகராட்சிக் குழாய் அவருக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. தண்ணீர் பளிங்காகக் கொட்டியது. முகர்ந்து பார்த்தாள் ஹனியா, ஒரு வாடையும் இல்லை. வேலை கேட்டதும் கொடுத்துவிட்டார்.

முதல் காரை அவள் ஹம்மாமில் அழுக்குத் தேய்த்த தன் பழைய சொரசொரப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு, பழகிய வேகத்தில் தேய்க்க ஆரம்பித்தாள்.

நாற்காலியில் இருந்த ஹாஜி பதறி எழுந்தார்.

"மெதுவாம்மா, மெதுவா! கீறல் விழுந்துடும். இது என்ன மனுஷத் தோலா?"