விழுந்துபோன ‘ங்க’

பொங்கல் நோம்பிக்குக் கோயமுத்தூரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று எங்கள் வீட்டுக்காரர் சொன்ன அன்று, கருமத்தம்பட்டியில் நாலு பேரிடமாவது அதைச் சொல்லிவிட்டுத்தான் படுத்தேன். கல்யாணமாகி மூன்று வருசத்தில் அவரோடு தனியாகப் போனது அவிநாசித் தேருக்கு மட்டும்தான். நோம்பியன்று சிவப்புக்கரைச் சேலை கட்டி, மடியில் சர்க்கரைப் பொங்கல் தூக்குப்போசியை வைத்துக்கொண்டு மோட்டாரில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். இறங்கின இடத்தில் சாமியாத்தாள் நின்றுகொண்டிருந்தாள்.

சாமியாத்தாள் அவருடைய மாமன் மகள், முறைப்பெண். பஞ்சு மில் கணக்கருக்குக் கட்டிக் கொடுக்காமல் இருந்திருந்தால் இன்று என் இடத்தில் அவள்தான் இருப்பாள். இதை எனக்கு யாரும் சொல்லாமல் விட்டதில்லை. கல்யாணப் பந்தலிலேயே ரெண்டு பேர் சொன்னார்கள்.

“இவுங்களுக்கு ஊரு அத்துப்படி. அதான் வரச் சொன்னேன்” என்றார் என்னிடம். பிறகு அவள் பக்கம் திரும்பி, “வெகு நேரமா நிக்கறீங்களா அம்மணி? ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?” என்றார்.

எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டது. என்னை அவர் கூப்பிடுவது ‘புள்ள’ என்றுதான். வா புள்ள, சோறு போடு புள்ள, அந்தக் கயித்தை எடு புள்ள. நாங்கள் எருமையைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் ஓட்டுவோம் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். அந்த ‘ங்க’ எனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. அத்தனையையும் சேர்த்து வைத்திருந்து அன்று அவளுக்கு அள்ளிக் கொட்டினார்.

கோனியம்மன் கோவிலில், “பாத்து வாங்க அம்மணி, படி வழுக்குதுங்க.” ஒப்பணக்கார வீதியில், “வெயில்ல நிக்காதீங்க அம்மணி.” நீலகிரி மேலே பைக்காராவிலிருந்து ஊருக்குக் கரண்டு வந்த கதையை அவள் சொல்ல, கரண்டையே அவள்தான் கண்டுபிடித்த மாதிரி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு வந்தார். நான் தூக்குப்போசியைச் சுமந்து பின்னால் நடந்தேன். “வெரசா வா புள்ள” என்பது எனக்கு.

பேரூர்க் கோவிலுக்கு ஜட்கா வைத்துப் போனோம். அவர் தேங்காய் பழம் வாங்கப் போனதும், சாமியாத்தாள் ஒரு புளியமரத்தைக் காட்டினாள். எனக்கு அவள் தங்கச்சி முறை.

“இதுதானுங்க அக்கா பிறவாப் புளி. இதோட கொட்டைய எங்க போட்டாலும் முளைக்காதுங்க.”

“எது முளைக்கும், எது முளைக்காதுன்னு யாரு கண்டா கண்ணு?” என்றேன். என் வாய் அப்படி.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “உங்களைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குங்க அக்கா” என்றாள். “சின்னதுல என்னையும் புள்ளன்னுதான் கூப்புடுவாரு. எனக்குக் கண்ணாலம் ஆன அன்னைக்கே ‘வாங்க அம்மணி’ன்னு தள்ளி நிறுத்திப்போட்டாரு. ‘ங்க’ எல்லாம் அசலாருக்குத்தானுங்க.”

கேட்கக் கேட்க இனித்தது. இத்தனை நாள் குறை என்று நினைத்தது என் சொத்தாக இருந்திருக்கிறது. பட்டீசுவரரை நான் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. “இந்தப் பக்கம் வா புள்ள” என்று அவர் கூப்பிட்டதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒரு ‘ங்க’ போட்டால், இன்னும் ரெண்டு போடட்டுமே என்றிருந்தது. தூக்குப்போசியிலிருந்த சர்க்கரைப் பொங்கலை நானே அவளுக்கு அள்ளி வைத்தேன். ஜெயித்தவளுக்குத் தாராளம் தானாக வரும்.

பொழுது சாயும்போது டவுனுக்குத் திரும்பினோம். மணிக்கூண்டுப் பக்கம் நோம்பிக் கூட்டம் நெரிந்தது. அவள் முன்னால் வழி காட்டிப் போனாள். நான் அவரை ஒட்டி நடந்தேன். திடீரென்று தெருவிளக்குகள் எரிந்ததில் ஒரு ஜட்காக் குதிரை மிரண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தது.

“ஏ புள்ள, தள்ளு!”

என்னைத்தான் சொல்கிறார் என்று ஒதுங்கினேன். குதிரை என் பக்கமே வரவில்லை. அவர் நாலு எட்டு முன்னால் பாய்ந்து, சாமியாத்தாளின் கையைப் பிடித்து இழுத்திருந்தார்.

உடனே கையை விட்டுவிட்டார். “அடி கிடி பட்டுருச்சுங்களா அம்மணி?” என்றார். ‘ங்க’ வந்து சேர்ந்துவிட்டது, ஆனால் பிந்தி வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். பேரூரில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

அவளை வீட்டு வாசலில் விட்டுவிட்டு மோட்டாருக்கு வந்தோம்.

“ஏறு புள்ள, ஜன்னலோரம் உக்காரு” என்றார்.

நான் ஏறவில்லை. “ஏறுங்கன்னு சொல்லுங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உனக்கு எதுக்குப் புள்ள ங்க?”

“சொல்லுங்க.”

டிரைவர் ஹாரன் அடித்தான். அவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“ஏறுங்க” என்றார்.

ஏறி உட்கார்ந்தேன். ஊர் வந்து சேரும்வரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை எப்படிக் கூப்பிடுவதென்று அவருக்குத் தெரியவில்லை.