குங்குமம் வைத்த பல்சக்கரம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிறகு எனக்கு வாய்ப்புக் கிடைக்காது. இந்தக் கதை என்னுடையது இல்லை. பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவிலிருந்து வரும் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் தன் பக்கத்தில் இருந்தவரிடம், "ஆயுத பூஜை அன்னிக்கு, டைமிங் பெல்ட்டைத் தானே மாத்தறேன்னு எஞ்சினைப் பிரிச்சுட்டார் சார் அந்த மனுஷர்" என்று சொல்லிவிட்டு, என் நிம்மதியைப் பற்றிய கவலையே இல்லாமல் இறங்கிப் போனார். மீதியை நானே கட்டிக்கொண்டேன். ரிட்டயரானவனுக்கு வேறென்ன வேலை?

தொடக்கம் இப்படி எழுதினேன்: 'சந்தாபுராவில் அந்தக் காலை மங்களகரமாக விடிந்—'

அடித்துவிட்டேன். மங்களகரமாக விடிகிற கதையில் யாரும் ஸ்பானரைத் தொடுவதில்லை.

2

வருஷம் 2000. சேஷகிரி மின்வாரிய எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்று, சந்தாபுராவில் வீடு கட்டிக்கொண்டவர். மைசூர் சர்க்கார் காலத்திலிருந்தே உத்தியோகக் குடும்பம். ஃபைலில் கையெழுத்துப் போடுவது ரத்தத்திலேயே உண்டு. கிரீஸ் மட்டும் அந்த வம்சத்தில் யார் கையிலும் பட்டதில்லை.

அவருடைய கார் எஞ்சினில் மேலே ஒரு பல்சக்கரம், கீழே ஒன்று. இரண்டையும் ஒரே தாளத்தில் சுற்றவைக்கும் ரப்பர் பட்டைதான் டைமிங் பெல்ட். அது அறுந்தாலும், பல் தவறி மாட்டினாலும், மேலேறும் பிஸ்டனும் கீழிறங்கும் வால்வும் முட்டிக்கொள்ளும். அதோடு எஞ்சின் கதை முடிந்தது.*

(* எல்லா எஞ்சினும் அப்படி இல்லை, இது அப்படி. கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள். வயசான காலத்தில் வக்கீல் நோட்டீஸ் வேண்டாம்.)

மெக்கானிக் கோவிந்தப்பா மூடியைக் கழற்றிப் பார்த்தார். பெல்ட் முழுக்க வெடிப்பு. புதுசு வாங்கி வையுங்கள், தசரா முடிந்து வந்து மாற்றுகிறேன் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பினார். அதுவரை வண்டி தாங்குமா என்று கேட்டதற்கு, பார்ப்போம் என்கிற மாதிரி, "நோடோணா சார்" என்றாராம்.

அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும், ஆட்டோ பிடித்தால் ஆயிற்று என்று என் முதல் வரைவு இங்கேயே கொட்டாவி விட்டுப் படுத்துவிட்டது. ஆகவே ஒரு நிறைமாதக் கர்ப்பிணியைக் கொண்டுவந்தேன். [ஈவிரக்கமில்லாத காரியம். தெரியும்.]

அவள் சேஷகிரியின் மகள் ஸ்னேஹா. மாப்பிள்ளை ஷ்ரேயாஸ் அமெரிக்காவில். ஆஸ்பத்திரியோ இருபது கிலோமீட்டர் தள்ளி ஜெயநகரில். இன்றைக்கோ நாளைக்கோ என்று டாக்டரம்மா சொல்லியாயிற்று. ஆயுத பூஜையன்று பெங்களூரில் ஆட்டோவும் டாக்ஸியும் குளித்து, மாலை போட்டுக்கொண்டு, மணமேடை மாப்பிள்ளை மாதிரி அசையாமல் நிற்கும். தெருவில் உடைத்த பூசணிக்காயை அடுக்கினால் ஓசூர் வரை பாலம் கட்டலாம். [மிகைதான். ஓசூருக்கு முந்தின அத்திப்பள்ளி வரை.] சேஷகிரி டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போன் செய்தார். பூஜை முடியட்டும் சார் என்றார்கள்.

பழைய பெல்ட்டோடு ஓட்டினால், வலியில் துடிக்கிற மகளோடு ஓசூர் ரோட்டின் நடுவில் நிற்க வேண்டி வரலாம். தானே மாற்றினால், வண்டி வாசலைக்கூடத் தாண்டாமல் போகலாம்.

3

திறந்த பானெட்டுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். இந்த இடத்தில் எனக்கே அவர்மேல் சந்தேகம். ஃபியூஸ் போட ஆள் அனுப்பிய மனிதர் எஞ்சினில் கை வைப்பாரா?

ஸ்னேஹா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "அப்பா, உங்களுக்கு இது தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்னா பொய். தெரியாதுன்னா நீ பயப்படுவே."

"நான் ஏற்கெனவே பயந்துண்டுதான் இருக்கேன். நிஜத்தையே சொல்லுங்கோ."

"தெரியாது" என்றார். பிறகு ஸ்பானரை எடுத்தார். என் சந்தேகத்தை நான் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

மேல் சக்கரத்தில் கம்பெனிக்காரன் போட்ட கீறல் இரண்டு. ஒரே சக்கரத்தை இரண்டு வகை எஞ்சினுக்கும் போடுகிறவன் வேலை அது. பெல்ட் மாட்டும்போது நம் எஞ்சினுக்கு எந்தக் கீறல் நேராக நிற்க வேண்டும்? பழைய பெல்ட்டைக் கழற்றுமுன் அடையாளம் வைத்துக்கொண்டால் தீர்ந்தது. பெயிண்ட் இல்லை. பூஜை அலமாரிக் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து, சக்கரத்துக்கு ஒரு பொட்டு, அதற்கு நேர் எதிரே எஞ்சின் இரும்பில் ஒரு பொட்டு. பெல்ட்டைக் கழற்றினார். கை கழுவிக்கொண்டு காபி குடிக்க உள்ளே போனார்.

'அவர் திரும்பி வந்தபோது எஞ்சின்—'

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கே கை வரவில்லை.]

4

எஞ்சின் சந்தனமும் குங்குமமுமாக ஜொலித்தது. அவர் மனைவி ஜகதாம்பாள் மிக்ஸிக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைத்து முடித்து, தட்டோடு கார்வரை வந்திருந்தாள். பல்சக்கரம், போல்ட், ரேடியேட்டர் என ஒன்றையும் விடவில்லை.

"நீங்கோ வெச்சது வழிஞ்சு அசிங்கமா இருந்துது. ஈரத்துணியால துடைச்சுட்டு நன்னா வெச்சிருக்கேன்."

"ஜகதா, சக்கரம் நகர்ந்துதா?"

"மேல இருக்கறது துளி சுத்தித்து. பழைய இடத்துலயே திருப்பி வெச்சுட்டேன்."

"பழைய இடம் எதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பொட்டு இருந்த இடந்தான்."

"அதைத்தான் துடைச்சுட்டியே."

அவள் கையிலிருந்த தட்டைத் தரையில் வைத்தாள்.

இங்கே அரைப்பக்கம் சண்டை எழுதிக் கிழித்தேன். நல்ல சண்டை. ஆனால் உள்ளேயிருந்து ஸ்னேஹா, "அம்மா, வலிக்கறது" என்றாள்.

5

இரண்டு கீறலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். எதனால் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வாங்கி வைத்திருந்த புது பெல்ட்டை மாட்டி இறுக்கினார். சாவியைத் தொடவில்லை. கீழ்ச் சக்கரத்து போல்ட்டில் நீள ஸ்பானரை மாட்டி, முதலில் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும் என்கிற அளவுக்குக் கோவிந்தப்பாவை வேடிக்கை பார்த்திருக்கிறார்.

முதல் கால் சுற்று லேசாக வந்தது. அப்புறம் ஸ்பானர் நின்றது.

சிலிண்டரில் அடைபட்ட காற்றும் இப்படித்தான் தடுக்கும். பிஸ்டனில் முட்டிய வால்வும் இப்படித்தான் தடுக்கும். காற்றென்றால், பொறுத்து அழுத்தினால் புஸ்ஸென்று விட்டுக்கொடுக்கும். வால்வென்றால் விட்டுக்கொடுக்காது, வளையும்.

முடிவு ஒன்று: காற்று. ஜெயநகர், பெண் குழந்தை, தெருவுக்கே மைசூர்பாகு. [எனக்கே திகட்டுகிறது.]

முடிவு இரண்டு: இரும்பு. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஓஸ்வால்ட் தன் வேனோடு வந்—

வேண்டாம். மாதா படம் தொங்குகிற வேன் ஆயுத பூஜைக்கு ஏன் நிற்க வேண்டும், முதலிலேயே அவரைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஆகவே அவரைக் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்கு அனுப்பிவிட்டேன்.

உள்ளே மறுபடியும் வலி. முன்னைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. சேஷகிரி ஸ்பானரை மறுபடி பிடித்தார். ஜகதாம்பாள் வந்து, ஸ்பானரின் நுனியில் தன் கையையும் வைத்தாள். இரண்டு பேருக்குமே அழுத்தத் துணிவு இல்லை.

இன்னும் ஒரு கைக்கு இடமிருக்கிறது. வையுங்கள். மெதுவாக. இன்னும் கொஞ்சம்.

ஏதாவது கேட்கிறதா?