பியாலெக் வீட்டுக் கோப்பு

ஆம்பர் மெசா என்ற ஊரின் அருங்காட்சியகத்தை மூடிவிடலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானம் வந்தபோது, எதிர்த்துக் கை தூக்கியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ஆர்டிஸ் ஹால்வர்சன். வயது எண்பத்து மூன்று. இன்னொருவர் மெர்ல் டக்கெட், எண்பத்தாறு. மெர்லுக்குக் காது மந்தம். எதற்குக் கை தூக்குகிறோம் என்று தெரிந்துதான் தூக்கினாரா என்பது ஆர்டிஸுக்கே சந்தேகம்.

அருங்காட்சியகம் என்றால் பெரிய மாளிகை ஒன்றுமில்லை. அரிசோனாவின் பருத்தி வயல்களைத் தரைமட்டமாக்கி, ஓய்வு பெற்றவர்களுக்கென்றே இந்த ஊரைக் கட்டினார்களே, அப்போது வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட முதன்முதலில் எழுப்பிய மாதிரி வீடு அது. இரண்டு படுக்கையறை, இளஞ்சிவப்பு ஓடு பதித்த குளியலறை, தொட்டியோரம் சுவரில் பிடிமானக் கம்பி, பின்பக்கம் ஒரு சாமான் அறை. அடுத்த இருபது வருடத்தில் எழும்பிய வீடுகளில் பாதி இதே அச்சில் வார்த்தவை. ஒரு வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கத் தெரிந்தவன் ஊரில் எந்த வீட்டிலும் நடக்கலாம்.

இப்போது நீச்சல் குளத்துக்கு வருகிறவர்கள் வண்டி நிறுத்த இடம் போதவில்லை. மாதிரி வீட்டுக் கூரையோ மழைக்கு ஒழுகுகிறது. போன மாதம் வந்த பார்வையாளர்கள் பதினொரு பேர். அதில் நாலு பேர் கழிப்பறை தேடி வந்தவர்கள். மே மாதக் கடைசியில் வீட்டை இடித்துத் தார் போட்டுவிடுவதென்று முடிவாயிற்று.

முப்பது பேர் முறை வைத்து வேலை பார்த்த இடம். ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்து, மிஞ்சியது இவர்கள் இருவர்தான். ஏப்ரல் முழுக்கச் சாமான்களைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாவட்ட அருங்காட்சியகம் எதுவும் வேண்டாம் என்றுவிட்டது. பல்கலைக்கழகம் மட்டும் காகிதங்களில் இரண்டு பெட்டி எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஆர்டிஸ் தொலைபேசியில் பேசிப் பார்த்தாள். "அம்மா ஊர் விழா அணிவகுப்புல போட்ட சட்டையா? நீங்களே தூக்கிப் போட்டுடுங்களேன்" என்றார்கள்.

"பூட்டுறதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்தேன்னா என்னையும் ஒரு பெட்டில போட்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிரு ஆர்டிஸ்" என்றார் மெர்ல்.

"ரெண்டு பெட்டிக்குத்தான் இடமாம். உன் வயித்துக்கே ஒரு பெட்டி போயிடும்."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. அந்தக் கயித்தை இப்படிக் குடு."

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் அவன் வந்தான். முப்பது வயது இருக்கும். லாரி ஓட்டுகிறவனைப் போல, ஜன்னலோரம் வெயில் படும் இடது கை மட்டும் நன்றாகக் கறுத்திருந்தது. வாசலில் வைத்திருந்த வருகைப் புத்தகத்தில் எழுதச் சொன்னதும் எழுதினான். ஆர்டிஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்ப்பதற்குள், ஒரு வார்த்தை கேட்காமல் கூடத்தைக் கடந்து, குளியலறையைத் தாண்டி, நேரே பின்பக்கச் சாமான் அறைக்குப் போய்க் கதவைத் திறந்துவிட்டான்.

"அங்க பார்க்க ஒண்ணுமில்ல தம்பி. பழைய கோப்புங்க வச்சிருக்கோம்" என்று பின்னாலேயே போனாள்.

அவன் வெந்நீர்க் கலத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இங்கதான் படுத்திருந்தேன். இந்த வீட்டுல இல்ல, இதே ஊர்ல ஆக்கட்டியோங்கற தெருவுல. அச்சு அசல் இதே ரூம்தான். ஜன்னல் இல்லாததால இங்க லைட் போட்டா வெளிய தெரியாது. அஞ்சு மாசம் இருந்தேன்."

ஆர்டிஸ் திரும்பிப் போய் வருகைப் புத்தகத்தைப் பார்த்தாள். ரஸ்ஸல் பியாலெக் என்று எழுதியிருந்தது.

பியாலெக்கை அவள் மறக்கவில்லை. ஸ்டான்லி பியாலெக், டெட்ராய்ட்டில் கார்த் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் நின்று உழைத்துவிட்டு வந்தவர். வந்த மறு வருடமே மனைவி வாண்டா பக்கவாதத்தில் விழுந்தாள். அடுத்த இலையுதிர் காலத்தில் மகனும் மருமகளும் சாலை விபத்தில் இறந்தார்கள். எட்டு வயதுப் பேரனைக் கொண்டுவந்து ஸ்டான்லி வீட்டுக்குள் வைத்துக்கொண்டார். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் வருடத்தில் முப்பது நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்பது ஊரின் முதல் விதி. அந்த விதிக்காகவே பாதிப் பேர் இங்கே வீடு வாங்கினார்கள். எதிர்வீட்டுக்காரர் ஒருவர் சங்கத்துக்கு எழுதிப் போட்டார். அப்போது சங்கத்தின் செயலாளர் ஆர்டிஸ்.

"உங்ககிட்ட பழைய சங்கத்துக் காகிதமெல்லாம் இருக்குன்னு சொன்னாங்க" என்றான் ரஸ்ஸல். கூடத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தான். "எங்க தாத்தா பேர்ல ஏதாவது இருக்கா? ஒரே ஒரு விஷயம் தெரியணும்."

"என்ன தெரியணும்?"

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தான். "தாத்தா செத்தப்புறம் அவர் சாமான்ல இது மட்டும்தான் எனக்கு வந்துச்சு. பையனை வெளிய அனுப்பலேன்னா கோர்ட்டுக்குப் போவோம்னு உத்தரவு. தேதி பாருங்க, மார்ச் மூணு. அனாதைப் பிள்ளைங்களைப் பார்த்துக்கற அரசாங்க ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா வந்து என்னைக் கூட்டிட்டுப் போனது மார்ச் ஒம்பது. ஆறே நாள் மேடம். ஆறு நாள்ல குடுத்துட்டாரு. ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்டாரா, கேக்கலையா? அதுதான் எனக்குத் தெரியணும்."

தாளின் அடியில் பச்சை மையில் ஏ. ஹால்வர்சன் என்று கையெழுத்து. தன் கையெழுத்து அவ்வளவு அழகாக இருந்த காலம் ஒன்று இருந்தது என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரட்டையில் ஆர்டிஸ் என்று மட்டுமே இருந்தது. அவனுக்குத் தெரியாது. ஒன்றுமில்லை தம்பி, அந்த வருடத்துக் காகிதமெல்லாம் மழையில் போய்விட்டது என்று சொன்னால் எழுந்து போய்விடுவான். சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"கேட்டாரு" என்றாள். "மூணு தடவை கேட்டாரு."

அவன் நிமிர்ந்தான்.

"மூணு கடுதாசி. முதல்ல டிசம்பர்ல. ரெண்டாவது ஜனவரில. வீட்டை விக்கப் பார்க்கிறேன், இந்த வருஷம் வாங்க ஆளில்ல, வாண்டாவைத் தூக்கிட்டு எங்க போவேன்னு எழுதியிருந்தாரு. பையன் சத்தமே போட மாட்டான், வீட்டுக்குள்ள காலுறை போட்டுக்கிட்டுத்தான் நடக்கிறான், அவன் இருக்கிறது எனக்கே சில நேரம் தெரியறதில்லேன்னு..."

ரஸ்ஸலின் முகம் மாறிப்போயிற்று. "காலுறை" என்றான். "ஆமா. ரெண்டு ஜோடி போட்டுக்கணும்." கையை நீட்டினான். "காட்டுங்க. அந்தக் கடுதாசியக் காட்டுங்க."

"இல்ல."

"இல்லேன்னா?"

"ஊரோட நாற்பதாவது ஆண்டு விழாவுக்கு எல்லாக் காகிதத்தையும் ஒழுங்கு பண்ணோம். புகார்க் கோப்பெல்லாம் தனியா எடுத்து நான்தான் குப்பையில போட்டேன். ஊரோட நல்ல விஷயங்களை மட்டும் வைப்போம்னு நெனைச்சேன். யாரு வந்து இதைக் கேக்கப் போறாங்கன்னு நெனைச்சேன்."

"நீங்க யாரு?" என்றான் அவன்.

அவன் மடியில் கிடந்த தாளை அவள் விரலால் தொட்டுக் காட்டினாள்.

உள்ளே மெர்ல் பெட்டிக்கு ஒட்டும் பட்டையை நீளம் நீளமாகக் கிழிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ரஸ்ஸல் கத்துவான், கையை ஓங்கினாலும் ஓங்குவான் என்று எதிர்பார்த்தாள். ஓங்கட்டும் என்றுகூட இருந்தது. அவன் கேள்விதான் கேட்டான்.

"மூணுன்னு சொன்னீங்க. மூணாவதுல என்ன இருந்துச்சு?"

அதை அவள் இருபத்து மூன்று வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. கணவனிடம்கூட.

"ஓஹையோல இருக்கிற அவரோட தங்கச்சி உன்னை எடுத்துக்கறேன்னு சொல்லியிருந்தா. அவளுக்கு அறுவை சிகிச்சை ஆகியிருந்துச்சு, ஜூன் வரைக்கும் எழுந்திருக்க முடியாது. மூணு மாசம் தவணை குடுங்க, ஜூன்ல நானே கொண்டுபோய் விட்டுடறேன்னு கேட்டிருந்தாரு."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. நான் கூட்டத்துல வைக்கவே இல்ல. முதல் ரெண்டுக்கே எல்லாரும் சண்டை போட்டு அலுத்துப் போயிருந்தாங்க. அன்னிக்கு வேற வேலை நிறைய இருந்துச்சு. படிச்சேன். கோப்புல போட்டேன். உத்தரவை டைப் அடிச்சேன்."

"ஏன்?"

எத்தனையோ காரணம் அவளிடம் இருந்தது. விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்பது ஒன்று. மினசோட்டாவில் தன் பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவளுக்கு, இன்னொருத்தர் பேரப்பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பதைப் பொறுக்கவில்லை என்பது இன்னொன்று. இந்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்லும்படி எதுவும் இல்லை.

"தெரியல" என்றாள்.

ரஸ்ஸல் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தான். அவளிடம் சொல்வதுபோல் இல்லாமல் பேசினான்.

"என்னை ஒவ்வொரு வீடா மாத்துனாங்க. ஏழு வளர்ப்பு வீடு. எங்க இருந்தாலும் அவர்கிட்ட இருந்து கவர் வரும். பொறந்தநாளைக்கு ஒண்ணு, கிறிஸ்துமஸுக்கு ஒண்ணு. நான் பிரிக்கவே இல்ல. ஆறு நாள்ல தூக்கிக் குடுத்தவருக்கு என்கிட்ட என்ன பேச்சுன்னு கிழிச்சு அடுப்புல போடுவேன். கடைசில ஆஸ்பத்திரில இருந்து போன் பண்ணாங்க. கெழவர் உன் பேரைச் சொல்லிட்டே இருக்காரு, ஒரு தடவை வந்துட்டுப் போன்னாங்க. எனக்குப் பத்தொம்பது வயசு. ரெண்டு மணி நேரத் தூரம்தான். போகல."

ஆர்டிஸ் அவன் கையைப் பிடிக்கப் போனாள். அவன் இழுத்துக்கொண்டான்.

"அவரு எதுவும் கேக்கலேன்னு நீங்க சொல்லியிருந்தா நான் பாட்டுக்குப் போயிருப்பேன் மேடம். நிம்மதியாப் போயிருப்பேன். அதுக்குத்தான் வந்தேன்."

"எழுதித் தர்றேன். நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"யாருக்கு?" என்றான்.

எழுந்து போய்விட்டான். வாசலில் லாரி எதுவும் இல்லை, ஒரு பழைய கார்தான் நின்றது. அதில் ஏறியவன் உடனே கிளப்பவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை ஆர்டிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். போய்ப் பேசலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கார் கிளம்பிவிட்டது.

மெர்ல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். "யாரு அந்தப் பையன்? என்னவாம்?"

"பழைய கோப்பு ஒண்ணு தேடி வந்தான்."

"கெடச்சுதா?"

"இல்ல."

"நல்ல பையனாத் தெரியறான். புத்தகத்துல பேர் எழுதியிருக்கான் பாரு. பன்னெண்டாச்சு, போன மாசத்தை முந்திட்டோம்" என்று சொல்லிச் சிரித்தார்.

மூன்று நாள் எடுத்து ஆர்டிஸ் நான்கு பக்கம் எழுதினாள். கடிதங்களில் நினைவிருந்த வாக்கியங்கள், தேதிகள், கூட்டத்தில் இருந்தவர்கள் பெயர், கடைசியில் தன் பெயர். தகவல் தொலைபேசியில் ரஸ்ஸல் பியாலெக் எண் கேட்டாள். அந்தப் பெயரில் எண் எதுவும் இல்லை என்றார்கள். அதனால் அந்த நான்கு பக்கத்தையும் இரண்டாவது பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்து இரண்டு பெட்டியையும் தள்ளுவண்டியில் ஏற்றினாள்.

"இதையெல்லாம் எப்பப் பிரிச்சுப் பார்ப்பீங்க?" என்று கேட்டாள் ஆர்டிஸ்.

"வரிசையில நிறைய இருக்குங்க. ஏழெட்டு வருஷம் ஆகும். அதுக்கும் ஆள் போட்டாத்தான்."

"மேல நாலு பக்கம் இருக்கு. அதை மட்டும் யாராவது..."

"எல்லாம் பத்திரமா இருக்கும், கவலைப்படாதீங்க" என்றாள் அந்தப் பெண், முதியவர்களிடம் பேசும் குரலில்.

மே மாதம் மெர்ல் தன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மகள் வந்து அவரை டெக்சாஸுக்குக் கூட்டிப்போய்விட்டாள். மாதிரி வீட்டை இடித்தபோது வேடிக்கை பார்க்க ஆர்டிஸ் ஒருத்திதான் நின்றாள். அரைநாள்கூட ஆகவில்லை. இளஞ்சிவப்பு ஓடுகள் ஒட்டிய சுவர்த் துண்டு ஒன்று வண்டியில் போனது. ஜூனில் தார் போட்டு மஞ்சள் கோடு இழுத்தார்கள்.

வாரத்தில் மூன்று நாள் குளத்துக்குப் போகச் சொல்லியிருந்தார் மருத்துவர். ஆர்டிஸ் போய்க்கொண்டிருந்தாள். முன்பு சாமான் அறை இருந்த இடம் எது என்று முதல் வாரம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அடுத்த வாரம் அது பிடிபடவில்லை. வெயிலில் காலியாக எந்த இடம் இருந்ததோ அங்கே வண்டியை நிறுத்திவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.