பட்டாக்காரன் விரதம்

அம்மாவின் மாத்திரையை மதியம் சாப்பிட்டபிறகுதான் போட வேண்டும். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் பெருகிவிடாமல் அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு நாளும் விடக்கூடாது என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லியிருந்தார்.

சித்திரை வந்தால் அதன் விலை கூடும். முதல் தடவை கூடியபோது அம்மா பிரதோஷ விரதம் இருக்க ஆரம்பித்தாள். மறு வருஷம் சஷ்டியும் சேர்ந்தது. பக்தி என்றுதான் நினைத்தேன். மாதம் முடிந்தும் அட்டையில் விரத நாள் கணக்குக்குச் சரியாக மாத்திரை மிச்சம் இருப்பதை அலமாரி துடைக்கும்போது பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வருஷம் அப்பா தறிக்கூடத்திலிருந்து பேப்பரை மடித்து எடுத்து வந்தார். விலைவாசி கூடிய அளவுக்குத்தான் மருந்து விலையைக் கூட்டலாம், அது ஒரு சதவீதம்கூட இல்லை என்று போட்டிருந்தது.

"தப்பிச்சோம்ட்டி" என்று என்னையும் மருந்துக்கடைக்குக் கூட்டிப்போனார்.

கடைக்காரர் ஜெயசிங் பேப்பரைக் கையில் வாங்கவே இல்லை.

"அது கவர்மென்ட் லிஸ்ட்ல உள்ள மருந்துக்கு அண்ணாச்சி. இது பேட்டன்ட் மருந்து, அதுல வராது. பத்து சதவீதம் கூட்டிட்டான்."

"பட்டாவா?"

"பட்டான்னே வச்சுக்கிடுங்க. கம்பெனி பேர்ல இருக்கு. வேற எவனும் அங்கன உழ முடியாது."

"எங்க தறிக்கூலிக்கும் ஒரு பட்டா வாங்கித் தாரும் வே."

ஜெயசிங் சிரித்தார். அப்பா பேப்பரை மறுபடி மடித்தார்.

வீட்டில் அம்மா தறிக்கான நூலை ராட்டையில் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தாள். நூலிலிருந்து கண்ணை எடுக்காமல், "கூட்டிட்டானா?" என்று கேட்டாள்.

"பத்து."

ராட்டையை நிறுத்திவிட்டு எழுந்து போய்க் காலண்டரைப் பார்த்தாள்.

"இனிமே மாசாமாசம் கார்த்திகையும் இருக்கப் போறேன்."

அப்பா சட்டையைக் கழற்றாமல் அப்படியே திரும்பித் தறிக்குப் போய்விட்டார்.

கார்த்திகையன்று மதியம் தட்டில் சோறு போட்டு, பக்கத்தில் மாத்திரையை வைத்தேன்.

"ஏட்டி, இன்னைக்கு விரதம்லா."

"யாருக்கும்மா? முருகனுக்கா, பட்டாக்காரனுக்கா?"

நான் அப்படிப் பேசுகிறவள் இல்லை. அம்மா என்னையே பார்த்தாள். பிறகு லேசாகச் சிரித்தாள். மாத்திரையை எடுத்து டப்பாவில் போட்டு மூடினாள்.

"ரெண்டு பேருக்கும்தான்" என்று தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "நீ தின்னு. தார் நிறையக் கிடக்கு."